கூரை கனமாகிவிட்டது

ஏப்ரல் 12, சனி

இந்த நோட்டு எங்கள் கேம்பரின் பராமரிப்புக்காக மட்டும். குடும்ப விஷயம், உடம்பு விஷயம் எதுவும் இதில் வராது.

கேம்பர் என்றால் பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றி வைக்கும் சின்ன வீடு. எங்களுடையது முப்பது வயதை நெருங்கும் பாப்-அப் வகை. வண்டி ஓடும்போது கூரை தாழ்ந்து வெறும் பெட்டி மாதிரி இருக்கும். நிறுத்திய இடத்தில் கூரையை மேலே தள்ளினால் சுற்றிலும் கேன்வாஸ் துணி விரிந்து, உள்ளே நிமிர்ந்து நடமாடலாம். தள்ளுவதற்கு மோட்டார் எல்லாம் கிடையாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என மடங்கும் பலகைகள் இருக்கின்றன. உள்ளே குனிந்து, பலகைக்கு அடியில் தோளைக் கொடுத்து, ஒரே மூச்சில் எழ வேண்டும். 'டக்' என்று பலகை நிமிர்ந்து நின்றுகொள்ளும். இதை வாங்கிய நாளிலிருந்து தோள் கொடுப்பவன் நான்தான்.

கால்கரியில் பனி ஒருவழியாக உருகிவிட்டதால் இன்று இந்த வருடத்தின் முதல் திறப்பு. கூரை பாதிவரை வந்தது. பிறகு என்னையும் சேர்த்து அழுத்திக்கொண்டு இறங்கிவிட்டது.

முடிவு: குளிர்காலத்தில் கூரை கனமாகிவிட்டது. குளிருக்காகக் கூரைக்குள் வைத்த தெர்மாகோல் ஈரம் குடித்திருக்க வேண்டும்.

மனைவி வசந்தாமணி சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலை உணவின்போது கேட்டாள்.

"ஏனுங்க, நான் ஒருக்கா தூக்கிப் பாக்கட்டுங்களா?"

"வேண்டாம் அம்மணி. உனக்கு இடுப்புப் புடிச்சுக்கும்."

"பிப்ரவரியில நீங்க விழுந்தீங்களே, அதுல ஏதாச்சும்…"

நான் விழவில்லை. வாசல் பனிக்கட்டியில் வழுக்கி உட்கார்ந்தேன். விழுவதற்கும் உட்காருவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதை விளக்கிச் சொன்னேன். தோசையைத் திருப்பப் போய்விட்டாள்.

கூரைக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். காரின் பின்கதவைத் தூக்கி நிறுத்தும் குழாய் இருக்கிறதே, கேஸ் ஸ்ட்ரட், அதே மாதிரி பெரியதாக நான்கு வாங்கி கேம்பரின் நான்கு மூலையிலும் பொருத்திவிட்டால் ஒரு விரலில் கூரை எழும். பழைய கேம்பர் வைத்திருப்பவர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். கூரையின் எடைக்குத் தகுந்த ஸ்ட்ரட் வாங்க வேண்டும். அவ்வளவுதான்.

ஏப்ரல் 19, சனி

இடது கையால் பல் தேய்ப்பது மூளைக்கு நல்லதாம். பழகி வருகிறேன்.

ஏப்ரல் 26, சனி

ஸ்ட்ரட் ஆர்டர் செய்ய உட்கார்ந்தேன். வசந்தாமணி பின்னால் வந்து நின்றாள். அவள் நகராட்சித் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். எதையும் அளக்காமல் விடமாட்டாள். வீட்டு ரசத்தையும் விட்டதில்லை.

"எவ்வளவு எடைக்குப் போடறீங்க?"

"நூத்திப் பத்து கிலோ."

"எப்படித் தெரியும்?"

"தூக்கறவனுக்குத் தெரியாதா? என் தோளே தராசு."

"எடை போட்டுப் பாத்துட்டு வாங்கலாமுங்க. பாத்ரூம் எடை மிஷினு இருக்குது, ஒரு கட்டைய முட்டுக் குடுத்தா அஞ்சு நிமிசம்."

நான் கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவன். ஒரு மோட்டாரைக் கையில் தூக்கிப் பார்த்தே உள்ளே என்ன குறைகிறது என்று சொல்லியிருக்கிறேன். கால்கரிக்கு வந்த பிறகு இருபது வருடம் கட்டடங்களுக்குக் காற்றுக் குழாய் மாட்டி, போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். பாத்ரூம் மிஷின் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

நூற்றுப்பத்துக்கே ஆர்டர் செய்தேன்.

இந்தத் தடவை தாமதம் கூடாது. ஜூலையில் யூகான் போகிறோம். ஆறு வாரம், வடக்கே ரோடு போகிற வரை. மூன்று தடவை தள்ளிப்போன பயணம். ஒரு தடவை மகள் கல்யாணம், ஒரு தடவை என் அம்மாவின் உடல்நிலை, ஒரு தடவை ஊரடங்கு. வசந்தாமணி இந்த ஆறு வாரத்துக்காகத் தன் லீவைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருக்கிறாள். எப்போதாவது வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பாள். பிறகு மடித்து வைத்துவிடுவாள்.

எனவே இந்த வருடம் எதனாலும் தள்ளிப்போகக் கூடாது. எதனாலும் என்றால் எதனாலும்.

மே 4, ஞாயிறு

நேற்றிரவு கேம்பரில் படுத்தேன். கூரையைத் தூக்கவில்லை, கீழ்க்கட்டிலே போதும். ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக. வீட்டு மெத்தையும் பழசாகிவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் விழிப்பு வருகிறது. நான் புரண்டு புரண்டு படுத்தால் வேலைக்குப் போகிறவளின் தூக்கமும் கெடும்.

ஹீட்டர் நன்றாக இருக்கிறது. இன்றும் ஒருமுறை பார்ப்பேன்.

மே 10, சனி

ஸ்ட்ரட் வந்துவிட்டது. கறுப்பாக, கனமாக, பார்க்கவே மரியாதையாக இருக்கிறது.

காலையிலிருந்து பிராக்கெட் மாட்டும் வேலை. கேம்பரின் அலுமினியச் சட்டத்தில் துளை போட்டு, போல்ட் வைத்து, தண்ணீர் இறங்காமல் சீலன்ட் தடவ வேண்டும். டிரில்லை இடது கையில் பிடித்தேன். வலது கைக்கு இந்த மூலையில் இடம் போதவில்லை.

வசந்தாமணி டீ கொண்டுவந்தாள். குனிந்து பார்த்தாள்.

"தொளை கோணலா இருக்குதுங்க."

"சட்டமே கோணல்."

"நாலு மூலையிலயும் வலது கைக்கு எடம் பத்தலீங்களா?"

டீ நன்றாக இருந்தது.

மே 17, சனி

வெற்றி. நான்கு ஸ்ட்ரட்டும் மாட்டியாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஹெல்மட்டும் வேடிக்கை பார்க்க வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், தனியாள், நல்ல மனிதர். என் பெயர் தெய்வசிகாமணி என்பதும் மனைவி பெயர் வசந்தாமணி என்பதும் அவர் வாயில் நுழைந்ததில்லை. எங்கள் இருவருக்கும் அவர் வைத்த பெயர் 'மணி'. யாரைக் கூப்பிடுகிறார் என்பதைக் குரலின் இனிமையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இனிமையாக இருந்தால் நான் இல்லை.

வெளிக் கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்தேன். கடைசிக் கொக்கியைத் தொட்டதும் கூரை 'விர்'ரென்று வானத்துக்குப் போனது. மொத்த வண்டியும் ஒரு குலுங்கு குலுங்கியது. ஹெல்மட் இரண்டடி பின்வாங்கினார். நான் கைதட்டினேன். வசந்தாமணி தட்டவில்லை.

"எறங்குமுங்களா?" என்றாள்.

இறங்கவில்லை.

பலகையைப் பிடித்து இழுத்தேன். பலகையில் இருக்கும் பட்டையைப் பிடித்துத் தொங்கினேன். என் காலும் தரையில் இல்லை, கூரையும் அசையவில்லை. ஹெல்மட் ஒரு பட்டையிலும் வசந்தாமணி ஒரு பட்டையிலும் தொங்கினார்கள். கூரை கொஞ்சம் யோசித்து, ஒரு முழம் இறங்கி, அவர்கள் மூச்சு விட்டதும் மறுபடி மேலே போய்விட்டது.

புது ஸ்ட்ரட் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். பழகிவிடும்.

மே 18, ஞாயிறு

கூரை இன்னும் மேலேதான் இருக்கிறது. காற்றோட்டத்துக்கு நல்லது.

ஹெல்மட் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "மணி, உன்னை வீட்டை விட்டுத் துரத்திவிட்டாளா?" என்று கேட்டார்.

மே 19, திங்கள். விடுமுறை

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கூரை சம்பந்தப்பட்டது என்பதால் எழுதுகிறேன்.

காலையில் நான் எழுந்து வருவதற்குள் வசந்தாமணி ஸ்க்ரூடிரைவரால் கிளிப்பை நெம்பி நான்கு ஸ்ட்ரட்டையும் கழற்றி, புல்தரையில் வரிசையாக வைத்திருந்தாள். கூரை பழையபடி பலகைகளின் மேல் நின்றது. கேம்பருக்குள் ஏறினாள். பலகையை மடக்கிக் கூரையை மெல்லக் கீழே இறக்கினாள். நான் கதவருகில் நின்று, "பாத்து, பாத்து" என்றேன். பிறகு அவள் குனிந்து, தோளைக் கொடுத்து, எழுந்தாள். டக். பின்னால் போனாள். டக். கூரை முழுசாக மேலே நின்றது. அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

நான் சொன்னேன், "ஈரம் காஞ்சிருக்கும்."

அவள் மறுபடி இறக்கி, பாத்ரூம் எடை மிஷினைக் கொண்டுவந்து, கட்டையை முட்டுக் கொடுத்து, முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள். இரண்டும் சேர்ந்து அறுபத்துச் சொச்சம் கிலோ.

"மிஷினு பழசு," என்றேன்.

மிஷினின் மேல் ஏறி நின்றாள். அவள் எடை எனக்குத் தெரியும். மிஷினுக்கும் தெரிந்திருந்தது.

மிஷினை ஓரமாக வைத்துவிட்டு வந்தாள். கேம்பரின் பின்படியில் உட்கார்ந்தோம்.

"கையத் தூக்குங்க," என்றாள்.

தூக்கினேன்.

"அந்தக் கையில்ல."

வலது கை மார்புவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. வராத இடத்தில் நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எத்தன நாளா?"

"அம்மணி, இப்ப டாக்டர்கிட்டப் போனா ஸ்கேனும்பாங்க, ஆபரேசன்ம்பாங்க, ஜூலை போயிரும். திரும்பி வந்து பாத்துக்கலாம்னுதான்…"

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாமே. நீங்க சட்டைய எப்படிப் போடறீங்கன்னு பாத்துட்டுத்தான் இருக்கேன். மேல் அலமாரி டப்பாவெல்லாம் ஒவ்வொண்ணா கீழ எறங்கி வந்துருச்சே, அது தானா வருமுங்களா? கேம்பர்ல எதுக்குப் படுக்கறீங்கன்னும் தெரியும்."

"அப்பறம் ஏன் கேக்கல?"

அவள் புல்தரையில் கிடந்த ஸ்ட்ரட்டுகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கேட்டா நீங்க ஒத்துக்குவீங்க. ஒத்துக்கிட்டா ஆஸ்பத்திரிக்குப் போகோணும். போனா ட்ரிப் போயிரும். மூணு தடவ போச்சு. இந்தத் தடவயாச்சும் போயிட்டு வந்தர்லாம்னு நானும் சும்மா இருந்துட்டேன். உங்க வலிய வச்சுட்டு ஊர் சுத்தப் பாத்திருக்கறேன். நல்ல பொண்டாட்டி."

நான் அவளுக்காக மறைத்தேன் என்று நினைத்திருந்தேன். அவளும் மறைத்திருக்கிறாள், அவளுக்காகவே. அதில் எனக்கு ஏனோ கோபம் வரவில்லை. இவ்வளவு ஆசையா அவளுக்கு என்றுதான் தோன்றியது. முப்பத்து மூன்று வருடத்தில் அவள் எனக்கு முன்னால் தனக்காக ஒன்றை இப்படிப் பிடித்து வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

"நூத்திப் பத்து கிலோ," என்றேன் கொஞ்சம் கழித்து. "அப்படித்தான் இருந்துச்சு, நெஜமா."

"இருந்திருக்கும்," என்றாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இடது முழங்கை.

மே 22, வியாழன்

டாக்டர். என் மகளைவிடச் சின்னப் பெண். தோளை நான்கு திசையிலும் திருப்பிப் பார்த்துவிட்டு, தசைநார் கிழிந்திருக்கலாம் என்றாள். ஸ்கேன் எழுதிக் கொடுத்தாள்.

ஜூன் 3, செவ்வாய்

பாதி கிழிந்திருக்கிறது. தோள் டாக்டரைப் பார்க்க வேண்டுமாம்.

"எப்போது?" என்று வசந்தாமணி கேட்டாள். கையில் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அந்தப் பெண் கணினியைப் பார்த்து, மிகவும் வருத்தத்துடன், "வரிசை நீளம். நவம்பருக்கு முன்னால் கிடைக்காது. மன்னிக்க வேண்டும்" என்றாள்.

இந்த நாட்டின் மருத்துவ வரிசையைத் திட்டாத நாள் கிடையாது. இன்று நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தோம். பார்த்திருந்தால் சிரித்திருப்போம். அதுவரை பிசியோதெரபி செய்யலாம், பயணம் போகலாம், ஆனால் எதையும் தூக்கக் கூடாது என்றாள். "எதையும்" என்பதை வசந்தாமணியைப் பார்த்துச் சொன்னாள். எல்லோரும் இப்போது அவளிடம்தான் சொல்கிறார்கள்.

காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் சிரித்தோம்.

ஜூன் 7, சனி

பிசியோதெரபி என்பது சுவரில் விரலால் நடப்பது. சுட்டுவிரலும் நடுவிரலும் சிலந்தி மாதிரி மேலே ஏற வேண்டும். இன்று ஸ்விட்ச் போர்டு வரை ஏறின. வசந்தாமணி பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினாள். மகள் சின்ன வயதில் உயரம் பார்த்த மாதிரி இருக்கிறது என்றேன். மகள் அடம்பிடிக்கமாட்டாள் என்றாள்.

ஸ்ட்ரட்டுகளைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டாராம். மாட்டிக் கழற்றியதை எடுப்பதில்லையாம்.

ஜூன் 14, சனி

ஸ்ட்ரட் பிரச்சினை தீர்ந்தது. தீர்த்தது நான் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் யோசனை என் முன்னிலையில்தான் பிறந்தது.

ஹெல்மட்டின் கராஜில் உத்தரத்தில் ஒரு கயாக் தொங்குகிறது. இரண்டு பேர் உட்காரும் ஒல்லியான துடுப்புப் படகு. எடுத்துக்கொண்டு போனால் தன் தலை இடிக்காமல் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இன்று வசந்தாமணி வேலிக்கு அந்தப் பக்கம் போய் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து கேட்டாள்.

"ஏனுங்க, கூரை அறுபது கிலோ. ஸ்ட்ரட் தூக்கறது நூத்திப் பத்து. மிச்சத்துக்கு மேல எதையாச்சும் வச்சுட்டா?"

ஸ்ட்ரட்டுகளை மறுபடி மாட்டி, மூன்று பேராகக் கயாக்கை ஏற்றினோம். அதாவது அவர்கள் இரண்டு பேர் ஏற்றினார்கள், நான் வழி சொன்னேன். படகும், அதைத் தாங்க ஹெல்மட் கொடுத்த இரும்புச் சட்டமும் சேர்ந்து கூரையில் உட்கார்ந்ததும், ஸ்ட்ரட்டுகள் அடங்கிவிட்டன. வசந்தாமணி ஒரு கையால் தள்ளினாள், கூரை எழுந்தது. ஒரு கையால் இழுத்தாள், இறங்கியது. லிஃப்ட் மாதிரி.

"நான் பின்னால வரப்போறத யோசிச்சுத்தான் பெருசா வாங்குனேன்," என்றேன்.

"ஆமாங்க," என்றாள். 'மணி, படகு ஓட்டத் தெரியுமா?' என்று ஹெல்மட் கேட்டார். இனிமையான குரல். தெரியாது, கற்றுக்கொள்கிறேன் என்று அவள் சொன்னாள். நகராட்சியில் சனிக்கிழமை வகுப்பு இருக்கிறதாம். அதற்குள் விசாரித்திருக்கிறாள்.

ஜூன் 28, சனி

வசந்தாமணி முழுக்க நனைந்து வீட்டுக்கு வந்தாள். படகைக் கவிழ்த்து வெளியே வருவதுதான் இன்றைய பாடமாம். அவள் முகத்தைப் பார்த்தால் பரிசு வாங்கி வந்தவள் மாதிரி இருந்தது.

ஜூலை 5, சனி

கிளம்பிவிட்டோம். இதை எழுதுவது சாலையோரத்தில். வேறு ஒன்றும் இல்லை, கிளம்பிவிட்டோம் என்று எழுத வேண்டும்போல இருந்தது.

ஜூலை 10, வியாழன்

நான்கு நாள் ஓட்டி, ஒரு ஏரிக்கரையில் நிற்கிறோம். பெயர் பலகையில் எழுதியிருக்கிறது, எனக்கு வாயில் வரவில்லை. ஹெல்மட்டின் கஷ்டம் புரிகிறது. எங்கள் வண்டியைத் தவிர வேறு யாரும் இல்லை. தண்ணீர் பச்சை.

காலையில், கூரை தாழ்ந்திருக்கும்போதே, வசந்தாமணி கயாக்கைப் பின்பக்க ஏணி வழியாகச் சறுக்கி இறக்கினாள். நான் வால்பக்கத்தை இடது கையால் தொட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கொக்கிகளை விடுவித்தாள். படகு மேலே இல்லாததால் கூரை பழையபடி 'விர்'ரென்று போனது. அவள் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, "சித்த நேரத்துல வந்தர்றேனுங்க" என்று சொல்லித் துடுப்புப் போட்டுப் போனாள். இரண்டு பேர் படகில் ஒருத்தியாக, நேராக, கோடு கிழித்த மாதிரி போனாள்.

நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். டீ போட்டேன். கரையோரமாகவே போகிறாள், பயமில்லை. மதியம்வரை எல்லாம் நன்றாக இருந்தது.

பிறகு மலைப்பக்கமிருந்து காற்று கிளம்பியது. ஏரி பச்சையிலிருந்து கறுப்புக்கு மாறியது. கேன்வாஸ் படபடவென்று அடித்துக்கொண்டது, வண்டி ஆடியது, ஒரு பக்கத் தையல் பிரியும் சத்தம் கேட்டது. கூரையை உடனே இறக்க வேண்டும். இறக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே பட்டையில் தொங்க வேண்டும், ஒருவர் வெளியே கொக்கி போட வேண்டும். நான் ஒரு ஆள், அதிலும் ஒரு கை. இடது கையால் பட்டையைப் பிடித்துத் தொங்கினேன். பம்பரம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றேன். கூரை அசையவில்லை.

கரைக்கு ஓடினேன். அவள் தூரத்தில், வளைவுக்குப் பக்கத்தில், சின்னதாகத் தெரிந்தாள். அந்த வளைவைத் தாண்டினால் காற்று நேராக அடிக்கும். கூரை இருக்கட்டும், அவள் திரும்ப வேண்டும். இடது கையைத் தூக்கி ஆட்டினேன். அவளும் துடுப்பைத் தூக்கி ஆட்டினாள். ஆட்டிவிட்டுத் தொடர்ந்து போனாள். இன்னும் வேகமாக ஆட்டினேன். அவள் இன்னும் சந்தோஷமாக ஆட்டினாள். கத்தினேன். காற்று என் குரலை என் வாயிலேயே திணித்தது.

அப்போது என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை. இரண்டு கையையும் தூக்கினேன்.

வலி பற்றி இந்த நோட்டில் எழுதுவதில்லை என்று ஏற்கனவே சொல்லிவிட்டேன்.

படகு அந்த இடத்திலேயே நின்றது. ஒரு கணம்தான். பிறகு முழு வட்டமாகத் திரும்பி, அலைக்குக் குறுக்காக இல்லாமல், வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி சாய்வாக, கரையை நோக்கி வந்தது. அவள் துடுப்புப் போட்ட வேகத்தை நான் இதுவரை எந்த வேலையிலும் அவளிடம் பார்த்ததில்லை.

முழங்கால் தண்ணீரில் இறங்கி ஓடிவந்தாள். என் முகம், கை, கால் எல்லாவற்றையும் பார்த்தாள்.

"என்னாச்சு? கரடிங்களா?"

"கூரை எறங்கல."

அவள் என்னையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் உதடு நடுங்கியது. சிரிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"மொதல்ல டாட்டா காட்டறீங்கன்னு நெனச்சேன். அந்தக் கையும் மேல போனதப் பாத்ததும் உசுரே போச்சு. என்னமோ பெருசா ஆயிருச்சுன்னு."

பேசிக்கொண்டே உள்ளே ஏறிவிட்டாள். அவள் இரண்டு கையாலும் முன்பட்டையைப் பிடித்து முழு எடையையும் கொடுத்துத் தொங்கினாள், கூரை முன்பக்கம் தலை குனிந்தது. நான் வெளியே இடது கையால் கொக்கி போட்டேன். பின்பக்கமும் அப்படியே. கடைசிக் கொக்கி விழுந்ததும் மழை வந்துவிட்டது. அவள் தாழ்ந்த கூரைக்குக் கீழே தவழ்ந்து வந்து கதவைத் திறந்து என்னை உள்ளே இழுத்தாள்.

இப்போது இருவரும் நிமிர முடியாமல், கீழ்க்கட்டிலில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறோம். கூரை மேல் மழை அடிக்கிறது. தோளில் சுடுதண்ணீர்ப் பை. மாத்திரை போட்டாகிவிட்டது. கேன்வாஸ் தையலை நாளை அவள் ஊசி நூல் வைத்துப் பார்ப்பாளாம். சின்ன ஸ்ட்ரட் இரண்டு மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். ஊருக்குப் போனதும் எடை போட்டுவிட்டு வாங்கலாம் என்றும் சொன்னேன். அவள் தலையைத் துவட்டுவதை நிறுத்தி என்னை ஒருமுறை பார்த்தாள்.

"இன்னைக்குக் கை எதுவரைக்கும் போச்சு?" என்று கேட்டேன். இங்கே பென்சில் கோடு போடச் சுவர் இல்லை. "காது வரைக்குமா?"

"காதாவது. தலைக்கு மேல போச்சு. நான் பாத்தேன்."

எனக்கு அவ்வளவு போனதாகத் தெரியவில்லை. ஆனால் பார்த்தது அவள். எழுதி வைக்கிறேன்: வலது கை, தலைக்கு மேல்.